அடுப்புக்கு மேல் ஒரு குழாய்

"இங்கன ஓட்டை போட்டா போதுமாங்க?"

குமுதா சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

போதாது என்றார் சிங்காரம். பெரிய பானையை அடுப்பில் ஏற்றினால் அதன் வாய் இடிக்கும், இன்னும் ஒரு சாண் மேலே போ என்றார்.

அவள் தலையாட்டினாள். அதே புள்ளியில் டிரில்லை வைத்து அழுத்தினாள்.

செங்கல் தூள் அடுப்பெல்லாம் கொட்டியது. சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டார்.

சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்திருந்தாள் மனைவி குமுதா. ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவருடைய வலது கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. இப்போது இவளும் கேட்பதில்லை.

குழாயை மகள் ரூபினி கோலாலம்பூரிலிருந்து அனுப்பியிருந்தாள். சுவரிலிருந்து நீண்டு, இரண்டு இடத்தில் மடங்கி, பானைக்கு நேர் மேலே வந்து நிற்கும் குழாய். இந்த மலைக் குளிரில் அவரைக் குளிப்பாட்ட தினமும் ஒரு பானை வெந்நீர் வேண்டும். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டின் பின்பக்கக் குழாயிலிருந்து அடுப்புவரை தண்ணீரைத் தூக்கித் தூக்கி குமுதாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் புனிதன், தானே வந்து மாட்டித் தருவதாகச் சொன்னான். நீ வரவேண்டாம், டிரில்லை மட்டும் கொடு என்று குமுதா வாங்கி வந்துவிட்டாள்.

இந்தப் பிடிவாதம் எதற்கு என்று சிங்காரத்துக்கு விளங்கவில்லை.

துரை பங்களாவிலிருந்து கடைசி லயம்வரை எஸ்டேட் முழுக்க பைப் போட்டவர் அவர். எங்கே கசிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன வாரம் எஸ்டேட் ஆபீஸ் கிராணி பார்க்க வந்தபோதுகூட, மேட்டுத் தொட்டி வால்வு தேய்ந்துவிட்டது, மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள் என்று விளக்கமாகச் சொன்னார். கிராணி அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நோயில் விழுந்தவன் பேச்சுக்கு இனி மதிப்பில்லை என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்துபோனது.

குமுதா குழாயின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றிக் காட்டி, இது போதுமா என்று கேட்டாள். இன்னும் மூன்று சுற்று சுற்று என்றார். டேப்பை அங்கேயே அறுத்துவிட்டாள்.

பின்பக்கத்திலிருந்து ஓட்டை வழியாக இழுத்த பைப்போடு குழாயைச் சுவரில் பொருத்தினாள். ரப்பர் வாஷரைப் போடவில்லை. அது அடுப்பு மேடையின் ஓரத்தில் அப்படியே கிடந்தது.

வாஷர், வாஷர் என்று கத்தினார். அவள் ஸ்பானரை எடுத்து முறுக்கினாள். இடது கையை நீட்டிக் காட்டினார். எட்டிப் பார்த்தவள், வாஷருக்குப் பக்கத்திலிருந்த டீ கிளாஸை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

சிங்காரம் கிளாஸைத் தள்ளிவிட்டார். டீ தரையில் ஓடியது.

அவள் துணியெடுத்துத் துடைத்தாள். பிறகு, இன்னும் கொஞ்சம் முறுக்கட்டுமா என்று கேட்டாள். முறுக்காதே, கழற்று என்றார். இன்னும் இறுக்கமாக முறுக்கினாள்.

வால்வைத் திறக்கப் போனாள். திறக்காதே, திறக்காதே என்றார்.

முழுசாகத் திறந்துவிட்டாள்.

தண்ணீர் சுவரோரத்திலிருந்து விசிறிபோல் பீய்ச்சியது. அடுப்பு, மாவு டின், அவள் தலை, முகம் எல்லாம் நனைந்தன. ஓடிப்போய் வால்வை மூடினாள்.

சிங்காரத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் என் கூடக் குடித்தனம் செய்தவள்தானே நீ, காது செவிடா, கை கால் விழுந்தவன்தானே என்ற இளக்காரமா என்று வாய்க்கு வந்தபடி ஏசினார்.

குமுதா நனைந்த முகத்தோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் வந்து, துண்டால் அவருடைய மோவாயைத் துடைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ரூபினி வீடியோவில் கூப்பிட்டாள். குழாய் மாட்டியாயிற்றா, அப்பா ஏதாவது பேசுகிறாரா என்று கேட்டாள்.

குமுதா போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"டாக்டரம்மா பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கச் சொன்னாங்கல்ல, அதான் புனிதன வரவேணாம்னுட்டு, காலையிலேருந்து இவரக் கேட்டுக் கேட்டே செஞ்சேன். எதக் கேட்டாலும் சரிங்கிறாரு. ஓட்டை போடவா, சரி. முறுக்கவா, சரி. கோவம் வந்தாலும் அதேதான்லா. ஈப்போலேருந்து வந்ததுலேருந்து அந்த ஒரு சொல்லு மட்டுந்தான் வருது."

சிங்காரம் திகைத்துப்போனார். காலையிலிருந்து தொண்டை வறள வறளப் பேசியிருக்கிறார். பக்கத்தில் நின்றுகொண்டே இப்படிப் பொய் சொல்கிறாளே.

மகளாவது கேட்கட்டும் என்று போனை நோக்கிக் குனிந்தார். அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். ரூபினி, அம்மாவிடம் சொல், வாஷர் அடுப்பு ஓரத்தில் கிடக்கிறது.

சொல்லும்போது, முதல் தடவையாகத் தன் குரலைத் தானே காது கொடுத்துக் கேட்டார்.

"சரி," என்றது அவர் வாய். "சரி, சரி. சரி."