செவலைக் கிடா சொன்ன சேதி

காவல் தெய்வத்தின் கோயில் வாசலில், நேர்ந்துவிட்ட இரண்டு கிடாக்கள் கட்டப்பட்டு நின்றன. ஒன்று செவலை, இன்னொன்று புள்ளி.

“தலையில தண்ணி ஊத்துவாங்க. சாமி கேட்டா நம்ம உடம்பு தானா சிலிர்க்கும். அப்புறம் வெட்டுதான்,” என்றது புள்ளி.

“சாமியும் இல்ல, பூதமும் இல்ல. காதுக்குள்ள தண்ணி போனாக் கூசும், அவ்வளவுதான். நான் சிலிர்க்கப் போறதில்ல,” என்றது செவலை.

முதலில் செவலையைத்தான் இழுத்துப் போனார்கள். பூசாரி மூன்று செம்புத் தண்ணீர் ஊற்றினார். காது குறுகுறுத்தது, முதுகுத்தோல் துடிக்கப் பார்த்தது. செவலை பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாக நின்றது.

பூசாரி அரிவாளைக் கீழே வைத்தார். “சாமிக்கு இந்த வருசம் கிடா வேண்டாமாம். ரெண்டையும் அவுத்து விடுங்கப்பா.”

“இப்பவாவது சாமி இருக்குன்னு ஒத்துக்க,” என்றது புள்ளி, கண் கலங்கி.

செவலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது அது. பேர் மட்டும் சாமிக்கா? பலிபீடத்தின் மேல் தாவி ஏறி, “சாமி இல்லை” என்று தொண்டை கிழியக் கத்தியது.

கூட்டத்துக்கு அது “மே” என்று கேட்டது. “சாமியே பேசுது,” என்று ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தை அதன் முன்னால் வைத்தாள்.

புள்ளி வந்து ஒரு பழத்தைத் தோலோடு மென்றது.

“நீ சொல்றதுலயும் ஏதோ இருக்கு,” என்றது. “இன்னொரு தடவை சொல்லு.”