அவன் மட்டும் போதும்

"எனக்கு 'அவன்' மட்டும் போதும் தம்பி. நான், நீ, நாங்கள் எல்லாம் என்னத்துக்கு?"

கமலாட்சி இப்படிச் சொன்னதும் வீரபாகுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபது வயதில் ரஷ்ய மொழி படிக்க வந்த மனுஷி, முதல் நாளே பாடத்தைக் கத்தரிக்கப் பார்க்கிறார்.

"ஒரு வினைச்சொல்லை முழுசாப் பிடிச்சால்தான் அக்கா கைக்குள்ள நிக்கும். ஜிவூ, நான் வாழுறன். ஜிவ்யோஷ், நீ வாழுறாய். ஜிவ்யோத், அவன் வாழுறான். எங்கட பாஷை மாதிரித்தான். ஆளுக்கு ஏத்த மாதிரி வால் மாறும்."

"அந்த மூண்டாவது வாலை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

வீரபாகு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். தொழிற்சங்கம் பிடித்துக் கொடுத்த புலமைப்பரிசிலில் மொஸ்கோ போய் டிராக்டர் படிப்புப் படித்தவர். கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு வந்து, இப்போது தண்ணீர்ப் பம்பு திருத்துகிறார். அவர் இப்போது குடியிருக்கும் ஒழுங்கையிலிருந்து, அந்தச் சிறு தெருவிலிருந்து, மொஸ்கோ போன பெடியன்கள் பலர் உண்டு. மொஸ்கோவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அங்கே இருப்பவர் இவர் ஒருவர்தான்.

கமலாட்சி இயக்கத்தின் பிடியில் இருந்த தண்ணீரூற்றிலிருந்து, வெளியேற அவர்கள் கொடுக்கும் பாஸ் எடுத்து, இங்கே தங்கை வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய மகன் வினோதன் மொஸ்கோவில் படித்து, அங்கேயே நாஸ்தியா என்ற ரஷ்யப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன். அவளுக்கு இது நிறைமாதம். அவளோடு போனில் நாலு சொல்லுக் கதைக்க வேண்டும். கமலாட்சி சொன்னது அவ்வளவுதான்.

மிச்சத்தை வீரபாகுவின் மனைவி வீரம்மா சேர்த்துக்கொண்டாள். மருமகள் மகனுக்கு ஒழுங்காய்ச் சமைத்துப் போடுகிறாளா என்று அவளிடமே கேட்டு அறியப் போகிறாராம் மாமியார். அப்படித்தான் இருக்கும் என்று வீரபாகுவும் நினைத்தார். அதனால் சாப்பிடுகிறான், நித்திரை கொள்கிறான், வேலை செய்கிறான் என்று அவனுக்குரிய வால்களாகவே சொல்லிக் கொடுத்தார். கேள்வியாகக் கேட்க வேறு சொல் தேவையில்லை, குரலை உயர்த்தினால் போதும் என்றும் சொல்லி வைத்தார். நேற்று நடந்ததைச் சொல்லும் விதத்தையும் படிப்போமா என்று கேட்டபோது, நேற்றையில் தனக்கு ஒரு அலுவலும் இல்லை என்று கமலாட்சி தலையை ஆட்டிவிட்டார்.

வீரம்மாவுக்கு உறைத்தது வேறொன்று. இத்தனை நாளாக வந்து போகிற மனுஷி ஒரு நாளாவது வாசல்படி ஏறவில்லை. பாடமெல்லாம் மாமரத்தடியில்தான். மழை கொட்டிய அன்றும் தாழ்வாரத்தோடு ஒதுங்கி நின்றார். தேத்தண்ணி வேண்டாம். மீன் குழம்பு என்றால் விரதம். கோயில் விபூதியை நீட்டினால்கூடக் கை பின்னால் போயிற்று.

"நம்ம வீட்டுல கை நனைச்சா சாதி கரைஞ்சிரும். தோட்டத்து ஆளுங்கதானே நாம. படிப்பு மட்டும் தீட்டில்லை போல" என்றாள் வீரம்மா.

பேசாமல் இரு என்று வீரபாகு அடக்கினார். ஆனாலும் அவருக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. வவுனியாவுக்கு வந்த நாளிலிருந்து இந்த மாதிரி எத்தனை வாசல்படிகளைப் பார்த்தவர். அலுத்துப்போய்ப் பாடத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் மறுநாள் காலை, தங்கை வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளியபடி, "ஜிவ்யோத்... ஜிவ்யோத்..." என்று அந்த மனுஷி தனியே சொல்லிக்கொண்டு நிற்பதைக் கண்டார். அதற்குப் பிறகு மனம் வரவில்லை.

போன் எடுக்கிற நாள் வந்தது. பட்டணத்துக் கொம்யூனிகேசன் கடையில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருவரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். வீரபாகு இலக்கத்தைச் சுழற்றி, நாஸ்தியாவின் குரல் கேட்டதும் ரிசீவரைக் கமலாட்சியிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குரல் நடுங்கவில்லை.

"நாஸ்தியா, மாமா" என்றார். அவளுடைய பாஷையில் அம்மா என்றால் மாமா.

பிறகு ஆறுதலாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஓன் ஜிவ்யோத். ஓன் யெஸ்த். ஓன் ஸ்பீத். ஓன் ரபோத்தாயெத்." அவன் வாழுறான், சாப்பிடுறான், நித்திரை கொள்ளுறான், வேலை செய்யிறான்.

குரலை உயர்த்த மறந்துவிட்டாரே என்று வீரபாகு கையை மேலே தூக்கிக் காட்டினார். கமலாட்சி அதைக் கண்டும் காணாதவர் போல, அதே நாலையும் மறுபடி, அதே தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தப் பக்கம் நாஸ்தியா சந்தோஷமாகச் சிரித்தது வீரபாகுவுக்கும் கேட்டது.

வெளியே வந்ததும் கமலாட்சி கடை வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். வீரபாகு பக்கத்தில் போய் நின்று, "கேள்வியாக் கேக்கச் சொல்லித் தந்தனான் அக்கா. வினோதன் சாப்பிடுறானோ இல்லையோ எண்டு அவளல்லோ உங்களுக்குச் சொல்ல வேணும்?" என்றார்.

"அவளுக்கு என்ன தெரியும் தம்பி? வினோதன் என்னைக் கூட்டிக்கொண்டு போகவெண்டு தண்ணீரூற்றுக்கு வந்தவன். பாஸ் கிடைக்காமல் இன்னும் அங்க நிக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள்."

"அப்ப அவன் இப்ப எங்க அக்கா?" என்றார் வீரபாகு. கமலாட்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவனை மலேரியா கொண்டு போயிட்டுது. பிள்ளைத்தாச்சிக்குச் சாவு சொல்லக் கூடாது, பிள்ளை பிறக்கட்டும். ஒழுங்கையில ஒரு வீட்டுக்குத் தெரிஞ்சாலும் மொஸ்கோவில இருக்கிற பெடியளுக்குப் போய், அவளின்ர காதில விழுந்திடும். அதுதான் உங்களுக்கும் சொல்லேல்லை."

பிறகு சொன்னார்: "நாளைக்கு முப்பத்தோராம் நாள், அவன்ர அந்தியேட்டி, சாவுத் துடக்குக் கழியிற நாள். துடக்கோட உங்கட வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது எண்டுதான் இவ்வளவு நாளும் வெளியில இருந்தனான். நாளையிண்டைக்கு உள்ளுக்கு வாறன் தம்பி, வீரம்மாவை மீன் குழம்பு வைக்கச் சொல்லுங்கோ."