தரை எந்தப் பக்கம்?

“பத்து நிமிஷம் தலைகீழா நின்னிருக்கேம்மா! உன் கம்ப்யூட்டரு என்னை நேரா நிக்க வெச்சிருக்கே, இது உனக்கே நல்லா இருக்கா?”

முனிகிருஷ்ணன் போட்ட சத்தத்தில், வாசலில் நின்ற ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

விவேக் நகர் சர்ச்சுக்குப் போகும் வழியில் டிஜிட்டல் போட்டோ கடை வைத்திருந்த டோரீன், திரையை மறுபடி உற்றுப் பார்த்தாள். படத்தில் வெள்ளை பனியன், அரை டிராயரோடு முனிகிருஷ்ணன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்திருந்தார். உச்சந்தலைக்கு மேல் ஒரு கோரைப்பாய். பின்னால் வெள்ளைத் துணி.

“எதிர்த் தெருவுல யோகா கத்துக் குடுக்கற ஸ்ரீகண்டன் போஸ்டரைப் பார்த்தியா? மயிலாசனத்துல இருக்கான். நான் பாய் விக்கிறவன் மாதிரி நிக்கறேன். என்கிட்ட யாரும்மா யோகா கத்துக்க வருவாங்க?”

ஞாயிற்றுக்கிழமை நீலசந்திராவில் அவருடைய வகுப்பு தொடக்கம். அதற்கான போஸ்டரில் போடத்தான் இந்தப் படம். மத்தியானத்துக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். படம் எடுத்தவர் அவர் மனைவி பாஞ்சாலி. துபாயிலிருந்து தம்பி வாங்கி வந்த புதுக் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க அங்கிள். கேமராவை நெட்டுக்குத்தாப் பிடிச்சு எடுத்த படமெல்லாம் முன்னாடி கம்ப்யூட்டர்ல படுத்துக்கிட்டு வரும். நான் ஒவ்வொண்ணாத் திருப்புவேன். போன வாரம்தான் புதுசா ஒரு புரோகிராம் போட்டேன். அதுவே திருப்பிடுது.”

“அதைத்தான் நானும் கேக்கறேன்! மச்சான் வீட்டு விசேஷப் படம் கொண்டாந்தப்போ, ‘எந்தப் பக்கம் திருப்பணும் அங்கிள்’னு என்னைக் கேட்டியே. இன்னைக்கும் நீ கேப்பே, நான் சொல்லிக்கலாம்னு வந்தேன். இது யாரையும் கேக்காம திருப்பிட்டா எப்படி?”

“இருங்க, இப்பவே மாத்தித் தர்றேன்.”

“பேக மாடம்மா!” என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். “சீக்கிரம் கவுத்துக் குடு.”

மௌஸைத் தொட்ட டோரீனின் கை அப்படியே நின்றது. காலையில்தான், சர்ச்சில் முதல்முறை நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய பிள்ளைகளின் நூற்றி நாற்பது படங்களை அதே புரோகிராமில் திருப்பி, ஒன்றைக்கூடச் சரிபார்க்காமல் பிரிண்டுக்கு அனுப்பியிருந்தாள். அதிலும் இப்படி ஆகியிருந்தால்? சாயங்காலம் அத்தனை அம்மாக்களும் கடைக்கு வருவார்கள். வெள்ளை கவுனும் கிரீடமுமாகத் தங்கள் பெண் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தால் ஒருத்தியாவது சும்மா இருப்பாளா?

“அங்கிள், ஒரு உதவி. இங்கேயே ஒரு தடவை நின்னு காட்டுங்களேன். நான் ஒரு படம் எடுத்து, எங்க தப்புன்னு பார்த்துடறேன்.”

“இங்கேயா?”

“பாய் இருக்கு. கதவையும் சாத்திடறேன்.”

“இப்பத்தாம்மா நாலு இட்லி சாப்பிட்டேன். வயித்துல சாப்பாடு இருக்கறப்போ சிரசாசனம் பண்ணவே கூடாது. ரொம்பத் தப்பு.”

பாஞ்சாலி லேசாக இருமினார்.

டோரீன் விடவில்லை. பாஞ்சாலியிடமிருந்து கேமராவை வாங்கினாள். குழந்தைகளைச் சிரிக்க வைக்க வாங்கி வைத்திருந்த கரடி பொம்மையை எடுத்து மேஜையில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தாள். அப்புறம் அதன் தலையை மேஜையில் ஊன்றி, கால்களை மேலே தூக்கிச் சுவரில் சாய்த்தாள். கேமராவை வலப்பக்கம் சாய்த்து ஒன்று, இடப்பக்கம் சாய்த்து ஒன்று. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

உட்கார்ந்த கரடி உட்கார்ந்தே வந்தது. தலைகீழாக நின்ற கரடி, இரண்டு படத்திலும் ஒழுங்காகத் தலைகீழாகவே நின்றது.

“அப்பாடா! புரோகிராம் சரியாத்தான் இருக்கு அங்கிள். என் புதுநன்மைப் படமெல்லாம் தப்பிச்சுது!”

“அது எப்படி? கரடிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

“இல்ல அங்கிள். இந்தப் புதுக் கேமராவுக்குள்ள ஒரு சின்ன சமாச்சாரம் இருக்கு. படம் எடுக்கறப்போ தரை எந்தப் பக்கம் இருக்குன்னு அது குறிச்சு வெச்சுக்கும். அதைப் பார்த்துத்தான் புரோகிராம் திருப்புது. கால் தரையில இருந்தா கால் கீழ வரும். தலை தரையில இருந்தா தலை கீழ வரும். நிக்கறது கரடியா மனுஷனான்னெல்லாம் அதுக்குத் தெரியாது.” டோரீன் நெற்றியைச் சுருக்கினாள். “அப்புறம் உங்க படம் மட்டும் ஏன் அங்கிள் இப்படி வந்துது?”

முனிகிருஷ்ணன் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாக, மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார். காது மடல்கள் இரண்டும் சிவந்திருந்தன.

பாஞ்சாலி எழுந்து, கேமராவை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அவரை ஒண்ணும் கேக்காதம்மா, நீ சும்மா கவுத்துக் குடுத்துடு,” என்றவர் கணவர் பக்கம் திரும்பினார். “ஸ்டூல் மேல ஏறி, பரணுக்கு அடியில பாயை ஆணி அடிச்சு, அதுல மண்டையை முட்டுக் குடுத்துக்கிட்டு நின்னீங்களே... அதுக்கு நிஜமாவே தலைகீழா நிக்கறது சுலபமா இருந்திருக்கும்!”