முகம் பார்த்த ஆடு

"இதுதான் என் ஆடு. மாத்திக் கீத்தி வெட்டினே, கடை ரெண்டாயிடும்."

பழைய இரும்புக் கடைக்காரர் தன் கைக்குட்டையை உருவி, அந்தக் கறுப்பு ஆட்டின் கழுத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டார். அந்தக் கறிக்கடையில் அதுதான் வழக்கம். ஆட்டை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள் தங்கள் துணி ஒன்றை அதன் கழுத்தில் கட்டிவிட வேண்டும். அப்புறம் "இது என் ஆடே இல்லை" என்று யாரும் சண்டைக்கு வர முடியாது.

"இருங்கண்ணே, கத்தியைத் தீட்டிட்டு வரேன்," என்றார் கறிக்கடைக்காரர். "நின்னு பார்க்கறீங்கதானே?"

"பின்னே? அதுக்குத்தானே வந்திருக்கேன்."

வந்தது சம்பந்தியால். போன மாதம் சம்பந்தி வீட்டு விருந்து. நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டே அந்த மனுஷன் சொன்னார்: "நேத்து நின்னு பார்த்துட்டுத்தான் கறி வாங்கினேன். வெட்டறதைப் பார்க்கத் தைரியம் இல்லாதவனுக்குக் கறி எதுக்கு, சம்பந்தி? கீரையைத் தின்னுட்டுப் போகட்டும்."

ஊரையே பேச்சில் மடக்குகிறவர் இரும்புக்கடைக்காரர். விடுவாரா? "அடுத்த விருந்து என் வீட்ல. நானும் நின்னு பார்த்துட்டுத்தான் அடுப்பையே பத்த வைப்பேன்."

அந்த விருந்து இன்று மத்தியானம். பெண் கொடுக்கப் போகிற இடம். அங்கே ஒரு தடவை தலை குனிந்தால் ஆயுசுக்கும் நிமிர முடியாது.

கறிக்கடைக்காரர் உள்ளே போக, ஆடும் இவரும் தனியாக நின்றார்கள். ஆடு இவர் சட்டை நுனியை மெல்ல ஆரம்பித்தது.

"விடு, எருமை."

எருமை என்றது தன்னை இல்லை என்று நினைத்ததோ என்னவோ, ஆடு விடவில்லை. அதன் கண்ணோரம் ஏதோ ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டார். துடைத்த பிறகுதான் இது தேவையில்லாத வேலை என்று உறைத்தது. ஆடு அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு விட்டது.

"ம், பிடிச்சுட்டு வாங்கண்ணே."

கறிக்கடைக்காரர் கத்தியோடு நின்றார்.

"இருய்யா. விலை ஒத்துவரலை."

"அப்பவே பேசி முடிச்சாச்சே?"

"அது அப்போ. இப்போ இளைச்ச மாதிரி இருக்கு. பாதி விலைதான்."

இதற்கு எந்த வியாபாரியும் "நடையைக் கட்டு" என்பான். பேரம் முறியட்டும், சாமி, முறியட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டார்.

"சரிண்ணே, பாதி."

"அதுவும் ஜாஸ்தி. கால்வாசி."

"சரிண்ணே."

இரும்புக்கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. "யோவ், உனக்கு வியாபாரம் பண்ணத் தெரியுமா தெரியாதா? எதைச் சொன்னாலும் மண்டையை ஆட்டறே?"

கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "அண்ணே, சுத்தி வளைக்காதீங்க. வெட்ட வேண்டாம். அவ்வளவுதானே?"

"நான் சொன்னேனா?"

"வாயால சொல்லலை. அப்போலேர்ந்து அதோட காதைத் தடவிக்கிட்டே நிக்கறீங்க."

வெடுக்கென்று கையை எடுத்தார். "மத்தியானம் சம்பந்தி வராருய்யா. இலை தழையா போட முடியும்?"

"உள்ளே ஒண்ணு தொங்குது பாருங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுது. அது கறுப்பா வெள்ளையான்னுகூட உங்களுக்குத் தெரியாது."

இரும்புக்கடைக்காரருக்கு மூச்சு வந்தது. "அதைக் கொடு. நல்ல தொடைக்கறியா பார்த்துப் போடு. இவனுக்குக் கால்வாசி விலை, பேசினபடி."

"அது வெட்டற ஆட்டுக்கு. உயிரோட வேணும்னா முழு விலை."

வாயைத் திறந்தார். ஆடு நிமிர்ந்து பார்த்தது. வாயை மூடிக்கொண்டு முழு விலையையும் கொடுத்தார்.

"ஆனா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனா என் மானம் போயிடும்."

"எதுக்கு ஓட்டிட்டுப் போகணும்? மாசாமாசம் தீனிக்குக் கொடுங்க, நானே பார்த்துக்கறேன்," என்று கறிக்கடைக்காரர் பின்கதவைத் திறந்தார்.

கொட்டகை நிறைய ஆடுகள். ஒன்றின் கழுத்தில் டை. ஒன்றின் கழுத்தில் வக்கீல் கட்டும் வெள்ளைப் பட்டை. காக்கித் துணி கட்டிய ஒன்று எல்லாவற்றையும் முட்டிக்கொண்டு திரிந்தது.

"நின்னு பார்க்கறேன்னு வந்த வீரனுங்க கட்டினதுண்ணே எல்லாம். முகத்தைப் பார்த்துட்டா தீனி போடறாங்க, பார்க்கலேன்னா மசாலா போடறாங்க. எனக்கு ரெண்டுமே பொழைப்பு."

தீனிக் காசையாவது குறைக்கலாம் என்று இரும்புக்கடைக்காரர் தொண்டையைச் செருமியபோதுதான் மூலையில் இருந்ததைப் பார்த்தார். கொழுகொழு வெள்ளாடு. கழுத்தில் ஊதாவில் மஞ்சள் கோடு போட்ட மப்ளர். உலகத்தில் அப்படி ஒன்றுதான் இருக்க முடியும். யாரும் தொடாமல் கிடந்ததை அடிமாட்டு விலைக்குப் பேசி வாங்கி, நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி கழுத்தில் இவரே போட்டுவிட்டது.

அப்படியென்றால் போன மாதம் உறிஞ்சியது யாருடைய எலும்பு?

மத்தியானம். சாப்பாட்டு மேஜையில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. சம்பந்தி இருப்பதிலேயே பெரிய கறியாகப் பார்த்து வாயில் போட்டுக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்:

"என்ன சம்பந்தி, நின்னு பார்த்தீங்களா? இல்லை, கண்ணை மூடிக்கிட்டீங்களா?"

"நல்லாவே பார்த்தேன்," என்ற இரும்புக்கடைக்காரர், குழம்பு ஊற்றுகிற சாக்கில் அவர் காதோரம் குனிந்தார். "கொட்டகையில மப்ளரையும் பார்த்தேன்."

சம்பந்தியின் தாடை பாதியில் நின்றது. ஒரு தடவை மேஜையைச் சுற்றிப் பார்த்தார். வாயிலிருந்த கறியை அவசரமாக விழுங்கினார். பிறகு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"ஒழுங்கா சாப்பிடறானா?"