இடப்பக்கம் சாய்ந்த கோடுகள்

எங்கள் பாலைவன ரிசார்ட்டில் கெஸ்ட் காலையில் கூடாரத்தை விட்டு இறங்கும்போது மணலில் ஒரு காலடிகூட இருக்கக் கூடாது. ஏசி போட்ட கூடாரத்தில் படுப்பவனுக்கு எங்கள் தடம் பட்ட பாலைவனம் ஆகாது. அதனால் இரும்புப் பல் வைத்த ரேக்கை இழுத்தபடி, பின்பக்கமாகவே நடந்து, தலை வாருவதுபோல் மணலை வாருவேன். செருப்புத் தடம் ஆழமாக விழும் என்பதால் வெறுங்கால்தான். நான் இடதுகைக்காரன். என் கோடுகள் இடப்பக்கம் சாயும்.

நாற்பது நாள் லீவு முடிந்து இன்று டியூட்டிக்கு வந்தேன். மணல் ஏற்கெனவே வாரியிருந்தது. கோடுகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. படியோரம் அழியாமல் தப்பிய ஒரு வலதுகால் தடத்தில் சுண்டுவிரல் இல்லை. என் வலதுகால் சுண்டுவிரல், முன்பு சவூதியில் ஜுபைல் கம்பெனியில் வேலை பார்த்தபோது, ஒரு பைப்புக்கு அடியில் போனது.

சூப்பர்வைசர் சுபினிடம் கேட்டேன். "அண்ணே, நான் இல்லாதப்ப யாரு வாரினது?"

அவர் போனிலிருந்து தலை தூக்கவில்லை. "மாயாண்டி, நீ ஊருக்குப் போன மறுநாளே உன்னை மாதிரியே ஒருத்தன் வந்து நின்னான். சோறு கேக்க மாட்டான், லீவு கேக்க மாட்டான். ஒரு விசாவுல ரெண்டு பேர வைக்க முடியாது. அவன் இருக்கட்டும். ஐடியை வச்சிட்டு நீ கெளம்பு."

பையோடு ரோடுவரை நடந்து, திரும்பிப் பார்த்தேன். கூடாரத்திலிருந்து என் குதிகால்வரை மணல் வாரியிருந்தது. நான் நடந்து வந்த தடம் ஒன்றுகூட இல்லை.