கொப்புளம் எங்கே?

கதவு படாரென்று திறந்தது. வைப்பின் தீவில் ஒரு வார முகாம் முடித்து, அம்மை குத்தும் ஹமீது படகிறங்கி நேரே வந்திருந்தார். எட்டு நாளுக்கு முன் தான் குத்திவிட்ட குழந்தையின் கையைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளமே இல்லை.

“மருந்தைத் துடைச்சிட்டியா?”

“நீங்க படியிறங்கினதுமே துடைச்சேன். பச்சப்பிள்ளை காய்ச்சல்ல துடிக்கணுமா?” என்றாள் ஜுமைலா.

“கொப்புளம் வந்தாத்தானே பெரியம்மை அண்டாது! இதே தெருவுல நேத்து ரெண்டு மய்யித்து போயிருக்காம்!”

“அதுக்கு?”

“பிள்ளை கையைக் காட்டு, இப்பவே மறுபடி குத்துறேன். துடைச்ச வீட்டையெல்லாம் ஆபீஸில எழுதிக் கொடுக்கத்தான் போறேன்!”

“தாராளமா எழுதுங்க. பிள்ளையோட வாப்பா பேரு கேட்டா, மறக்காம உங்க பேரையே சொல்லுங்க!”