ஒரு சாவி, அறுபத்தொரு போன்

"பச்சைத் திருட்டு, சார்! ஒரே சாவியில அறுபத்தொரு போன் ஓடுது!"

அவள் பட்டியலை வைத்த வேகத்தில் முதலாளியின் மேஜையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். இன்னும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிக்கவில்லை. அலுவலகத்துக்கு அவள் 'புதுசு'தான்.

அவர்கள் செய்து விற்பது ஒரே ஒரு ஆப். புத்தகமோ, வந்த கடிதமோ, எழுத்து எதுவானாலும் வாசித்துச் சொல்லும். ஒரு சாவி எண் வாங்கினால் ஒரு போனில் போட்டுக்கொள்ளலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை களையெடுப்பு நடக்கும். ஒரு சாவியை வைத்துக்கொண்டு ஊருக்கே பந்தி வைப்பவர்களைப் பிடித்து, அந்தச் சாவியைப் பூட்ட வேண்டும். இந்தத் தடவை அது அவள் பொறுப்பு.

"யாரு ஆளு?" பேனாவைத் தேடிக்கொண்டே கேட்டார் முதலாளி.

"ஒரு பள்ளிக்கூட வாத்தியார், சார். அதோட விட்டாரா? அத்தனையும் பூட்டு உடைச்ச போன்! போன் கம்பெனி போட்டு அனுப்பின பாதுகாப்பையே கழட்டி எறிஞ்சிட்டு நம்ம ஆப்பை ஏத்தியிருக்கார். பாடப் புத்தகத்தைத் தானா வாசிக்க அந்தப் பிள்ளைங்களுக்கு அவ்வளவு சோம்பேறித்தனம். சூடா ஒரு கடிதம் எழுதி அனுப்பிட்டேன்."

"பூட்டிடு."

"போன்லயும் நாலு வார்த்தை கேட்டுட்டுப் பூட்டறேன், சார்."

"கேளு, கேளு. கேக்கலேன்னா உனக்கு ராத்திரி தூக்கம் வராது" என்றார் பக்கத்து மேஜை கணக்கு அக்கா.

வாத்தியார் போனை எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டாள் புதுசு.

"வாத்தியாருங்களா? என் கடிதத்தைப் படிச்சீங்களா?"

"நான் எங்கம்மா படிக்கிறது? எனக்கும் கண்ணு தெரியாது. உங்க ஆப்தான் படிச்சுக் காட்டுச்சு. 'திருட்டு'ங்கிற வார்த்தையை நல்லா கணீர்னு சொல்லுச்சும்மா."



"எனக்கும்னா… பிள்ளைங்களுக்குமா?"

"அறுபது பேருக்கும். போனெல்லாம் யார் யாரோ வேண்டாம்னு குடுத்த பழசு. இதுல இனிமே புது ஆப் எதுவும் ஏறாதுன்னு போன் கம்பெனி பூட்டி வச்சிருச்சு. நல்லா ஓடுற போனைக் குப்பையில போட மனசு வருமா? உடைச்சோம். உங்க சாவி ஒண்ணுதான் வாங்க முடிஞ்சுது. அது தப்புதான், மறுக்கலை. திங்கக்கிழமை பரீட்சை ஆரம்பிக்குது. அது முடியிற வரைக்கும் விட்டு வைங்க. அப்புறம் பூட்டுங்க, திட்டுங்க, நேர்ல வந்து ரெண்டு போடக்கூடச் செய்யுங்க."

போனை வைத்தவள் நேராக முதலாளி மேஜைக்குப் போனாள்.

"சார், அதைப் பூட்ட வேண்டாம்." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"காலையில பச்சைத் திருட்டுன்னியே. அதுக்குள்ள பழுத்திருச்சா?"

"சார், போன் அவங்களுது. கைக்கு வந்த பொருளைத் திறக்க அவங்க யாரைக் கேக்கணும்?"

"சரி, போன் அவங்களுது. ஆப் யாருது?"

"நம்மளுது. ஆனா…"

"அந்த ஆனாவை வச்சு இங்க ஒன்பது பேருக்குச் சம்பளம் போட முடியுமாம்மா?"

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இலவசம்னு எழுதிக் குடுத்துடலாமே, சார்!"

"இன்னைக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு வாசல்ல வரிசை நிக்கும். பங்குதாரருங்க ரெண்டு பேரும் என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்."

"திங்கக்கிழமை பரீட்சை, சார். அறுபது பிள்ளைங்க."

"சாப்பாட்டுக்கு முன்னாடி பூட்டியிருக்கணும்" என்றவர், கணினித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூட்டினாள். சாவி எண்ணுக்கு நேரே பச்சைப் புள்ளி சிவப்பானது. அறுபத்தொரு போன் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போயிருக்கும்.

சாப்பாடு இறங்கவில்லை.

"வந்த புதுசுல எல்லாம் அப்படித்தான் இருக்கும். பழகிடும், சாப்பிடு" என்றார் கணக்கு அக்கா.

"இதெல்லாம் பழகவே கூடாதுக்கா!"

'கல்லு மனுஷன். இவரிடம் நியாயம் பேசி என்ன பிரயோஜனம்?' பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு இருக்கைக்கு வந்தாள். போனால் வேலைதானே போகும்? போகட்டும். தானே திறந்து விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். கேட்டால், ஆமாம், நான்தான் என்று முகத்துக்கு நேரே சொல்வாள்.

அந்தச் சாவி எண்ணைத் தட்டினாள்.

பச்சைப் புள்ளி.

சரியாகப் பூட்டவில்லையோ? அந்தச் சாவியின் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தாள்.

மூன்றரை வருஷத்தில் ஏழு களையெடுப்பு. ஏழு தடவையும் அதே சாவியைப் பூட்டியிருந்தார்கள். முதல் ஆறும் அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பூட்டியது, ஏழாவது அவள்.

ஏழு தடவையும் பூட்டிய பத்து நிமிடத்துக்குள் யாரோ திறந்தும் விட்டிருந்தார்கள். கடைசியாகத் திறந்தது சற்று முன்னால், அவள் சாப்பிடப் போயிருந்தபோது.

'திறந்தவர்' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஆள்தான்: முதலாளி.